வாழ்வாட்டம்

(காட்பாடியில் நிகழ்ந்த பொழிவின் எழுத்து வடிவம்)

  

காட்பாடிக்கு இரண்டு முகங்கள் உண்டு. இவ்வூர்த் தொடர்வண்டி நிலையத்தில் பெரும்பெட்டிகளோடு வடபுலங்களினின்று வந்திறங்கும் இளைஞர் ஒருசாரார். 1984-இல் சிறு பொறியியற் கல்லூரியாகத் தோன்றி இற்றைக்குப் பெரும்பல்கலைக்கழகமாய் விரிந்து நிற்கும் வளாகத்தை நோக்கி அவர் செல்வர், கணிப்பொறி பயில்வர். அதே விடியலில் அதே நிலையத்துள் நுழைந்து, இராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் செல்லும் வண்டிகளில் இடம்பிடித்து, தோல் ஆலைகளுக்கும் காலணித் தொழிலகங்களுக்கும் விரைவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் உரசிச் செல்வரேயன்றி ஒருவர்க்கொருவர் யாதும் சொல்வதில்லை.

இரண்டாம் சாரார் இல்லத்து வாயிலை அவ்விடியற்காலையில் சற்றே பாருங்கள். பத்துப் பன்னிரண்டு அகவைப் பெண்பிள்ளை ஒருத்தி சாணம் தெளித்த தரையில் குனிந்து நிற்கிறாள். "பதினைந்து புள்ளி, ஊடுபுள்ளி, எட்டில் நிறுத்து" என்று அவள் தாய் உள்ளிருந்து சொல்கிறாள். அவ்வளவே கட்டளை! அதைக் கொண்டு அவள் புள்ளி பிறழாமல், வரிசை கோணாமல், நூற்றுக்கு மேற்பட்ட புள்ளிகளை இடுகிறாள். இட்டபின் எப்புள்ளிக்கு எப்புள்ளி அண்டை என்பதைக் கண்ணாலேயே அளந்து இழை இழுக்கிறாள். அவளை நிறுத்தி, "பெண்ணே, கணிப்பொறியியல் அறிவாயோ?" என்று வினவின், "அஃது இங்கிலீசுக்காரர் படிப்பு. எனக்கு எங்கே வரும்?" என்பாள். நாள்தோறும் செய்துகொண்டிருக்கும் ஒன்றைத் தனக்கு வராது என்று ஒரு பிள்ளை நம்பும்படி செய்துவிட்டோமே, அதுவே இப்பொழிவிற்குக் கரணியம்.

கோலத்திற்கும் கணிப்பொறியியலுக்கும் உறவு கற்பிப்பது பற்று மிகுதியால் கூறும் புனைவன்று. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்து ஆய்ந்த கிப்டு சிரோமணி, இராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும், கோலங்களை இலக்கண நெறிகளால் பிறப்பிக்கும் முறையை வகுத்து, 1974-இல் கணிப்பொறி வரைவியல் பற்றிய அனைத்துலக ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டனர். சொற்றொடர்க்கு இலக்கணம் உள்ளதுபோலப் புள்ளி வரிசைக்கும் இலக்கணம் உண்டு என்பதே அவர் காட்டியது. தமிழ்ப் பெண்டிரின் வாயிற்றரை அன்றே உலக அறிவியலின் அவைக்குச் சென்றுவிட்டது. வாயிலில் குனிந்து நிற்கும் பிள்ளைக்குத்தான் அச்செய்தி வந்து சேரவில்லை!

அப்பிள்ளையின் புள்ளிகளிலேயே ஆடத்தக்க ஓர் ஆட்டத்தை ஈண்டுக் காண்போம்.

இதனை ஆக்கியவர் சான் ஆர்ட்டன் கான்வே என்னும் ஆங்கிலக் கணக்கறிஞர்; 1937-இல் பிறந்தவர்; கேம்பிரிட்சில் ஆசிரியராய் இருந்தவர். அவர்க்கும் முன்னே, 1940-களில், உலாம், வான் நியூமன் என்னும் அறிஞரிருவர், கட்டங்கட்டமாய்ப் பகுத்த ஒரு பரப்பில் ஒவ்வொரு கட்டமும் தன் அண்டைக் கட்டங்களை மட்டுமே பார்த்துத் தன் அடுத்த நிலையை முடிவு செய்யுமாயின் என்ன நிகழும் என்று எண்ணினர். தன்னைப் போல் ஒன்றைத் தானே படைத்துக்கொள்ளும் பொறி இயலுமா என்பது வான் நியூமனின் வினா. அவர் வகுத்த அமைப்பில் ஒவ்வொரு கட்டத்திற்கும் 29 நிலைகள். அத்தனையும் வேண்டா, வாழ்வு சாவு என்னும் இரண்டே நிலைகள் போதும் என்று சுருக்கியவர் கான்வே. மார்ட்டின் கார்டினர் என்பார் அமெரிக்க அறிவியல் இதழொன்றில் எழுதிவந்த கணக்குப் பகுதியில், 1970 (திருவள்ளுவராண்டு 2001) அக்தோபரில் இவ்வாட்டத்தை உலகிற்கு அறிவித்தார்.

இவ்வகை அமைப்பிற்கு ஆங்கிலத்தார் 'செல்லுலார் ஆட்டோமேட்டன்' என்று பெயரிட்டனர். முன்சொல் இலத்தீனம், சிற்றறை என்று பொருள். பின்சொல் கிரேக்கம், தானே இயங்குவது என்று பொருள். ஆங்கிலப் பிள்ளைக்கும் அவ்விரண்டும் கடன்சொற்களே. ஒலி கேட்கும், பொருள் கேளாது. 'கட்டத் தன்னியங்கி' என்று தமிழில் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லே பாதிப் பாடத்தை நடத்திவிடும்.

ஆட்டத்திற்குக் கான்வே இட்ட பெயர் 'லைப்' என்பது. அவர் மொழியில் உயிர்க்கும் வாழ்வுக்கும் அவ்வொரு சொல்லே. தமிழில் இரண்டும் வேறு. இவ்வாட்டத்து விதைகளுக்கு உயிர் இல்லை. வாழ்தலும் மாய்தலும் உண்டு. ஆகவே 'வாழ்வாட்டம்' என்பதே பொருந்தும். வாழ்வு, ஆட்டம் என்று பிரித்தாலும் சரி; வாழ், வாட்டம் என்று பிரித்தாலும் சரி! இவ்வாட்டத்தில் வாழ்வும் உண்டு, வாட்டமும் உண்டு. புணர்ச்சி தானே தந்த கொடை இது, வேண்டா என்பானேன்?

இனி ஆடுமுறை.

தரையில் நேர்ப்புள்ளி இடுக. பதினைந்துக்குப் பதினைந்து போதும். ஊடுபுள்ளி வேண்டா, அதன் கரணியம் பின்னர்க் கூறப்படும். நேர்ப்புள்ளியில் ஒவ்வொரு புள்ளிக்கும் அண்டை எட்டு: மேல், கீழ், வலம், இடம் என நான்கு; மூலைக்கொன்றாக நான்கு. இவ்வெட்டை மறவாதிருத்தலே ஆட்டத்தின் முதற்பாடம். புதிதாய் ஆடுவோர் பெரும்பாலும் மூலைகளை எண்ணாது விடுவர்.

விதைகளாகப் புளியங்கொட்டை கொள்க. தாயம் ஆடுவோர் செய்வதுபோல் ஒவ்வொன்றின் ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெண்மை தோன்றச் செய்க. கரும்பக்கம் மேலே இருப்பின் வாழ்விதை. இவற்றோடு ஒரு கைப்பிடி முழுத்துவரை வேண்டும். சிவப்பாய் இருக்கிறதே என்று குன்றிமணியைக் கொடுத்துவிடாதீர். அது கொடிய நஞ்சு. பிள்ளைகள் வாயிலிட்டு மெல்லக்கூடும். ஆம்பூர்ப் பக்கத்து வீடுகளிலோ புளியங்கொட்டையும் தேவையில்லை. காலணித் தொழிலகங்களில் வெட்டி எறியும் தோல் துணுக்குகளைச் சிறு வட்டங்களாக நறுக்கினால் ஒருபுறம் வழவழப்பு, மறுபுறம் சொரசொரப்பு. புள்ளிகளுக்கு மாறாகக் குழியிட்ட பலகை ஒன்று செய்துகொண்டால் கண்பார்வையற்ற பிள்ளைகளும் விரலால் தொட்டே ஆடலாம்.

நெறி இரண்டே. வெறும்புள்ளி ஒன்றைச் சுற்றியுள்ள எட்டு இடங்களில் சரியாக மூன்று விதைகள் இருந்தால், அடுத்த தலைமுறையில் அங்கே ஒரு விதை பிறக்கும். விதையுள்ள புள்ளியைச் சுற்றி இரண்டோ மூன்றோ விதைகள் இருந்தால் அது வாழும். ஒன்று அல்லது ஒன்றும் இல்லையாயின் தனிமையால் சாகும். நான்கும் அதற்கு மேலுமாயின் நெருக்கத்தால் சாகும். வேறு நெறி ஒன்றும் இல்லை. எதிராளி இல்லை, காய் உருட்டல் இல்லை, வெற்றி தோல்வி இல்லை. தொடக்க வடிவை வைப்பது ஒன்றே ஆடுவார் உரிமை. வைத்தபின் அவர் எண்ணுவாரும் எடுப்பாரும் மட்டுமே.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. இதில் தவறியவர்க்கு ஆட்டம் முழுதும் கெட்டுவிடும். பல்லாங்குழியில் ஒரு குழியை வழித்து அடுத்த குழிகளில் ஒவ்வொன்றாய் இட்டுச் செல்கிறோம். முன்னே இட்டது பின்னே இடுவதை மாற்றுகிறது. வாழ்வாட்டத்தில் அவ்வாறன்று. பிறப்பும் சாவும் பரப்பு முழுதும் ஒரே நொடியில் நிகழ்வதாகக் கொள்ளவேண்டும். ஒரு விதையை எடுத்துவிட்டு அடுத்த புள்ளியை எண்ணினால் அது பழைய தலைமுறையும் ஆகாது, புதிய தலைமுறையும் ஆகாது. அதற்குத்தான் இருநிறமும் துவரையும். சாகவேண்டிய விதையை எடுக்காமல் வெண்பக்கம் மேலாகப் புரட்டி வைக்க. எண்ணும்போது அதனையும் வாழ்விதையாகவே எண்ணுக. பிறக்கவேண்டிய இடத்தில் துவரை ஒன்று வைக்க. அதனை எண்ணாது விடுக. எல்லாப் புள்ளிகளையும் பார்த்து முடித்தபின் வெள்ளைகளை ஒருசேர அகற்றித் துவரை இருந்த இடங்களில் கருவிதை வைத்துவிட்டால் ஒரு தலைமுறை கடந்தது. காலணிப் பெட்டியின் அட்டையில் ஒன்பது துளைச் சட்டம் ஒன்று வெட்டிக்கொண்டால் எண்ணுதல் பிழையாது: நடுத்துளை புள்ளிமேல் நிற்க, சுற்றுத் துளை எட்டிலும் தெரிவதை எண்ணிவிடலாம். ஒருவர் எண்ணவும் ஒருவர் வைக்கவும் ஆக இருவராய் ஆடுதல் நன்று. விதைகள் ஓரப்புள்ளியை அடைந்தால் அங்கே உலகம் முடிந்ததென்று எண்ணற்க. கோலத்தை வளர்ப்பதுபோல் மேலும் ஒரு வரிசை புள்ளி இடுக.

மூலைவாட்டில் அடுத்தடுத்து மூன்று விதைகளை வைத்து ஆடிப்பாருங்கள். நடுவிதைக்கு அண்டை இரண்டு, அது வாழும். முனைவிதை இரண்டிற்கும் அண்டை ஒன்றே, மாயும். பிறப்பு எங்கும் இல்லை. அடுத்த தலைமுறையில் ஒற்றை விதை, அதற்கடுத்துச் சுழி. இதுவே வாட்டம். அம்மூன்றையே மூலை மடக்கிய வடிவில் வையுங்கள். மடிப்பின் உள்ளே இருக்கும் வெறும்புள்ளிக்கு அண்டை மூன்று; அங்கே நான்காவது பிறக்கிறது. நான்கும் நெருங்கி நாற்கட்டமாய் நின்றால் ஒவ்வொன்றிற்கும் அண்டை மூன்று. அதன்பின் எத்தனை தலைமுறை கடந்தாலும் அது மாறாது. இதற்குக் 'கட்டி' என்று பெயர்.

மூன்றைக் கிடையாக வைத்தாலோ? முனைகள் மாயும், நடு வாழும், நடுவின் மேலும் கீழும் இரண்டு பிறக்கும். கிடை நெடிதாயிற்று! அடுத்த தலைமுறையில் நெடியது மீண்டும் கிடையாகும். இது 'இமைப்பான்'. நான்கைக் கிடையாக வைத்தால் ஒரு தலைமுறையில் இரண்டு புள்ளி அகலமும் மூன்று புள்ளி உயரமும் உள்ள ஆறாகும். அடுத்ததில் நடுவிரண்டும் நெருக்கத்தால் மாய, இருபுறமும் இரண்டு பிறந்து, நடுவில் வெறுமை கொண்ட அறுகோண வடிவாகி நின்றுவிடும். தேனடையின் ஓர் அறையைப் பார்த்தவர்க்கு அதற்கு வேறு பெயர் தோன்றாது.

இவ்வாட்டத்தின் முடிமணி ஐந்து விதைகளில் உள்ளது. முதல் வரிசையில் இரண்டாம் புள்ளி. இரண்டாம் வரிசையில் மூன்றாம் புள்ளி. மூன்றாம் வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று. வைத்தபின் எண்ணுக. முதல் வரிசை விதைக்கு அண்டை ஒன்று, சாவு. மூன்றாம் வரிசை முதல் விதைக்கும் அண்டை ஒன்று, சாவு. ஏனைய மூன்றும் வாழும். இரண்டாம் வரிசை முதற்புள்ளியிலும் நான்காம் வரிசை இரண்டாம் புள்ளியிலும் பிறப்பு. இரண்டு போயின, இரண்டு வந்தன, மீண்டும் ஐந்து. அடுத்த தலைமுறையிலும் அவ்வாறே இரண்டு சாவு, இரண்டு பிறப்பு. இப்படி நான்கு தலைமுறை ஆடி முடித்தபின் நிமிர்ந்து பாருங்கள்: தொடங்கிய அதே வடிவம், ஒரு புள்ளி கீழும் ஒரு புள்ளி வலமுமாக, மூலைவாட்டில் நகர்ந்து நிற்கும்!

நகர்ந்தது எது? எந்த விதையையும் ஒருவரும் தள்ளவில்லை. வைத்த இடத்திலேயே ஒவ்வொரு விதையும் வாழ்ந்து, வைத்த இடத்திலேயே மாய்ந்தது. இன்னும் கூர்ந்து நோக்கின், தொடக்கத்தில் வைத்த ஐந்து விதைகளுள் ஒன்றேனும் நான்காம் தலைமுறையில் இல்லை. இரண்டு முதற்றலைமுறையிலும், மூன்று அடுத்த மூன்றில் ஒவ்வொன்றாகவும் மாய்ந்துவிட்டன. இரண்டாம் வரிசை மூன்றாம் புள்ளியில் முன்போலவே ஒன்று இருக்கிறதே என்று கேட்பீராயின், அது மாய்ந்த இடத்திலேயே மறுபடி பிறந்த வேறொன்று. ஐவரும் மாண்டபின் அவர்தம் உருவம் மட்டும் நடந்துகொண்டிருக்கிறது! ஒரு மொழி யாங்ஙனம் தன்னைப் பேசினோர் அனைவரும் மாய்ந்தபின்னும் ஈராயிரம் ஆண்டு நடந்து வருகிறது என்று வியப்போர், இவ்வைந்து விதைகளை ஒருமுறை ஆடிப்பார்த்தல் நன்று.

இவ்வைந்தை முதன்முதல் கண்டவர் இரிச்சர்டு கை. கான்வேயின் குழுவினர் வேறொரு வடிவைத் தலைமுறை தலைமுறையாய்ப் பின்தொடர்ந்துகொண்டிருந்தபோது, துண்டொன்று தனியே நடந்து செல்வதை அவர் கண்டு சொன்னார். கான்வே அதற்கு ஆங்கிலத்தில் 'கிளைடர்' என்று பெயரிட்டார். வழுக்கிச் செல்லுதலும் கண்ணாடியில்போல் எதிருருக் கொள்ளுதலும் சேர்ந்த ஒரு கணக்கியற் சொல்லாட்சியினின்று வந்தது அப்பெயர். ஈரிரண்டு தலைமுறைக்கு ஒருமுறை இவ்வடிவம் அவ்வாறு எதிருருவாகி நகர்வது மெய்யே. ஆயினும், கணிப்பொறித் திரையில் அது ஓடுவதைப் பின்னாளில் கண்ட கான்வே, அதற்கு 'எறும்பு' என்று பெயரிட்டிருக்கலாமே என்று வருந்தினாராம்!

இங்கேதான் கலைச்சொல் ஆக்குவோர் கண்விழிக்க வேண்டும். 'கிளைடர்' என்பதை அப்படியே எடுத்தாள்வோர், பெயரிட்டவரே வருந்திய பெயரைச் சுமக்கின்றனர். ஆங்கில அகரமுதலியைப் புரட்டி 'மிதவை வானூர்தி' என்று பெயர்ப்போரோ, பொருளை விட்டுச் சொல்லின் நிழலைப் பெயர்க்கின்றனர். வானூர்திக்கும் இவ்வைந்து விதைக்கும் என்ன உறவு? தரையில் ஆடிப்பார்த்த ஒரு தமிழ்ப் பிள்ளையை, "இது எதுபோல் இருக்கிறது?" என்று கேளுங்கள். "எறும்புபோல் ஊர்கிறது" என்பாள். கான்வே காலங்கடந்து அடைந்த பெயரை அவள் முதல் நாளிலேயே அடைவாள். கரணியம், அவள் சொல்லினின்று பொருளுக்குப் போகவில்லை. பொருளினின்று சொல்லுக்கு வந்தாள். மொழிஞாயிறு பாவாணர் சொற்பிறப்பில் நெடுகக் காட்டிய வழியும் இதுதான்: முதலிற் பொருளின் தன்மை, அதன்பின் சொல். அவர் இவ்வூர்க் காட்பாடி விரிவில் வாழ்ந்த நாள்களில், உலக முதற்செம்மொழி தமிழே என நிறுவும் ஆங்கில நூலை 1966-இல் இவ்வூர் முகவரியிட்டே வெளியிட்டார் என்பதை இவ்வவையினர் மறந்திரார். ஆங்கிலத்தைக் கருவியாய்க் கையாளத் தெரிந்தவர் அவர்; ஆங்கிலத்தின் கைக்கருவியாய் ஆனவரல்லர்.

மீண்டும் ஆட்டத்திற்கு வருவோம். அதே ஐந்து விதைகளை வேறுவகையாய் வைத்துக் காண்க: முதல் வரிசையில் இரண்டும் மூன்றும், இரண்டாம் வரிசையில் ஒன்றும் இரண்டும், மூன்றாம் வரிசையில் இரண்டு மட்டும். எறும்பு என்றும் ஐந்தாகவே நடக்கும் அல்லவா? இவ்வைந்தோ பெருகிப் பரந்து, கட்டிகளையும் இமைப்பான்களையும் தேனடைகளையும் சிதறவிட்டு, ஆறு எறும்புகளை வெளியே அனுப்பி, 1103-ஆம் தலைமுறையில் 116 விதைகளோடுதான் அடங்குகிறது. கைவிதைகொண்டு இதனை முடிப்பது அரிது. இருபது முப்பது தலைமுறை ஆடிப் பார்த்தாலே வேற்றுமை விளங்கும். கான்வே குழுவினர் பின்தொடர்ந்து சென்றது இதனையே.

எவ்வடிவமும் எல்லையின்றிப் பெருகாது என்று கான்வே முதலில் கருதினார். மெய்ப்பிப்போர்க்கோ மறுப்போர்க்கோ 50 தாலர் பரிசும் அறிவித்தார். அவ்வாண்டு நவம்பரிலேயே, அமெரிக்க மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்துப் பில் காசுபரும் அவர் கூட்டாளிகளும் அக்கருத்தை வீழ்த்தினர். 30 தலைமுறைக்கு ஒரு முறை ஓர் எறும்பை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும் 36 விதை வடிவம் ஒன்றை அவர்கள் கண்டனர். எறும்புப் புற்று என்று அதனை அழைப்பதில் தவறில்லை. ஓயாது எறும்பு வெளிவந்தால் விதைகளின் எண்ணிக்கைக்கு முடிவேது? எறும்பு வந்தால் ஆம், வராவிடின் அன்று எனக் கொண்டு கணக்கும் செய்யலாம். கணிப்பொறி செய்யத்தக்க எக்கணக்கையும் இவ்விரு நெறிகளாலேயே செய்துவிடலாம் என்பது பின்னர் மெய்ப்பிக்கப்பட்டது.

அதனின்று ஒரு முடிபு விளைகிறது. அது நம்மூர்ச் சோதிடர்க்கு உவக்காது. நெறி இரண்டே, மறைவு ஒன்றுமில்லை, தொடக்க நிலையும் கண்முன்னே கிடக்கிறது. ஆயினும், ஏதேனும் ஒரு வடிவைக் காட்டி, இஃது ஒருநாள் முழுதும் மாயுமா மாயாதா என்று கேட்டால், எல்லா வடிவிற்கும் தப்பாது விடைசொல்லும் பொதுமுறை ஒன்று இல்லை, இருக்கவும் இயலாது என்பது கணக்கியல் கண்ட உண்மை. ஆடிப்பார்த்தே அறியவேண்டும். இரண்டே நெறிகொண்ட புளியங்கொட்டைக்கே நிலை இதுவாயின், பிறந்த நாழிகையைக் கொண்டு ஒருவன் வாழ்நாள் முழுதையும் கட்டமிட்டுச் சொல்வோரை என்னென்பது! அவர் இடுவதும் கட்டம், இதுவும் கட்டம். இதிலே எண்ணிப் பார்க்கலாம். அதிலே கேட்டு நடுங்கத்தான் முடியும்.

ஊடுபுள்ளி வேண்டா என்றதன் கரணியத்தை இனிச் சொல்லலாம். ஊடுபுள்ளியில் ஒரு புள்ளிக்கு நெருங்கிய அண்டை ஆறே. அண்டை குறைந்தால் மூன்று, இரண்டு என்னும் எண்கள் பொருந்தா; வேறு நெறி வகுக்கவேண்டும். வகுத்துப் பாருங்கள். இத்தனை அண்டைக்குப் பிறப்பு, இத்தனை அண்டைக்கு வாழ்வு என்று எண்ணை மாற்றினால் வெவ்வேறு உலகங்கள் தோன்றும். பெரும்பாலானவை உடனே வெறுமையாகும், அல்லது அடங்காது பெருகித் தரையை நிறைக்கும். கான்வேயும் கோ என்னும் ஆட்டத்துப் பலகைகளில் பல நெறிகளை வைத்துப் பார்த்துத் தள்ளியபின்னரே இவ்வெண்களைத் தேர்ந்தார். சாவும் பெருக்கமும் ஒன்றையொன்று வெல்லாத இடத்தை அவர் தேடினார்.

பரவல் நெறி என்று ஒன்றும் வகுக்கலாம்: அண்டையில் ஒரு விதை இருந்தாலே போதும், தானும் விதையாகும். காட்டுத்தீயும் தொற்றுநோயும் பரவும் வகையை ஆராய்வோர் இத்தகைய கட்டத் தன்னியங்கிகளையே, மேலும் சில நெறிகள் சேர்த்துக் கையாள்கின்றனர். கான்வேயே 2020 ஏப்பிரலில், மகுடைத் தொற்றால் மாண்டார்; அண்டையினின்று அண்டைக்குத் தாவும் நெறியை உலகிற்குக் காட்டியவர் அந்நெறிக்கே இரையானார். எறும்பைக் கண்ட இரிச்சர்டு கையும் அதற்கு முந்திய திங்களில் தம் 103-ஆம் அகவையில் மறைந்திருந்தார்.

பாலாற்றங்கரையினர்க்கு இப்பரவல் நெறியை விளக்க வேண்டியதில்லை. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் ஒரு கிணற்றைக் கெடுத்து, அதன் அண்டைக் கிணற்றைக் கெடுத்து, ஊரூராய் உப்பேறிய கதையை அவர் நாவே அறியும். வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் 1996 ஆகத்து 28-இல் உச்ச நயன்மன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறி அத்தீர்ப்பில் வலியுறுத்தப்பட்டது. ஆயினும் கோலப்புள்ளியில் விதை வைத்துப் பாலாற்றின் நிலத்தடி நீரைக் கணித்துவிடலாம் என்று கூறுதல் மிகை. நிலத்திற்குச் சரிவு உண்டு. மணலுக்கும் பாறைக்கும் வேற்றுமை உண்டு. எட்டு அண்டையும் அங்கே ஒப்பல்ல. சரிவுள்ள பக்கத்து அண்டையினின்று மட்டுமே பரவும் என்று நெறியைத் திருத்தி ஆடிப்பார்க்கும் பிள்ளை, ஆய்வாளர் செய்வதன் முதற்படியில் கால்வைத்துவிட்டாள். அதற்குமேல் ஏற அளவீடு வேண்டும்.

இற்றைக்கு இவ்வாட்டம் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. தொட்டால் ஆயிரம் தலைமுறை ஓடும். பெரிய வடிவங்களைக் காண அது வேண்டியதே. 2010-இல் தன்னைத்தானே படைத்துக்கொண்டு நகரும் வடிவம் ஒன்று கண்டறியப்பட்டதும், எத்தனை தலைமுறைக்கு ஒருமுறை மீளும் வடிவம் கேட்டாலும் உண்டு என்பது, 19-உம் 41-உம் ஆகிய இரண்டும் கடைசியாய்ச் சிக்க, 2023-இல் முழுமையாய் நிறுவப்பட்டதும் கணிப்பொறியின் துணையால்தான். அதனைப் பழித்தல் அறியாமை. ஆனால் தொடக்கத்திலேயே திரையைக் கொடுத்தால் பிள்ளை வாணவேடிக்கை காண்பதுபோல் கண்டுவிட்டுப் போய்விடும். ஏன் இப்புள்ளி பிறந்தது, ஏன் அப்புள்ளி மாய்ந்தது என்று கேட்டால் விழிக்கும். கையால் இருபது தலைமுறை எண்ணிய பிள்ளையைக் கேளுங்கள். ஒவ்வொரு பிறப்பிற்கும் சாவிற்கும் கரணியம் சொல்லும். அதுவும் தமிழில் சொல்லும். அதன்பின் திரையைக் கொடுங்கள்.

இனி, விதைகளை நேர்வரிசையில் வைத்து ஆடுதல் எளிய பயிற்சி. மூன்றும் நான்கும் என்னவாகும் என்பது முன்னரே சொல்லப்பட்டது. ஆறு வைத்தால் பெருகுவதுபோல் தோன்றிப் பன்னிரண்டாம் தலைமுறையில் ஒன்றுமில்லாமற் போகும். ஏழு வைத்தால் நான்கு தேனடைகளில் முடியும். பத்து வைத்தால் பதினைந்து தலைமுறைக்கு ஒருமுறை மீளும் பெருந்துடிப்பு உண்டாகும். அதற்குப் புள்ளிகளைக் கூடுதலாய் இடவேண்டும். ஐந்து வைத்தால் என்னவாகும் என்பது ஈண்டு வேண்டுமென்றே விடப்பட்டது. முற்றத்தில் பதினைந்துக்குப் பதினைந்து நேர்ப்புள்ளி இடப்பட்டிருக்கிறது. புளியங்கொட்டையும் துவரையும் அங்கேயே உள்ளன. பெண்பிள்ளைகள் முதலில் அமர்க.